பன்னிரண்டு புள்ளி ஒன்பது

ஊஞ்சல் கொக்கி வாங்கிப்போய் வருஷக்கணக்காகிவிட்ட ஒருவர், அதைக் கழற்றி எடுத்துவந்து கல்லாவுக்கு முன்னால் வைத்து, "பாய், இது ஒரிஜினல்தானா?" என்று கேட்டபோதுதான் விஷயம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஷஃபியுல்லாவுக்கு உறைத்தது. அந்தக் கொக்கியில் தொங்கி ஒரு குடும்பமே ஆடியிருக்கிறது. மாமியாரும் ஆடியிருக்கிறார், அவர் ஒன்றும் சின்ன உருவம் இல்லை. ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி, எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

'உயிர் சம்பந்தப்பட்ட பொருட்களை உள்ளூர்க் கடைகளில் வாங்கி ஏமாறாதீர்கள். டூப்ளிகேட் போல்ட்டால் நேர இருந்த விபத்து, என் விழிப்புணர்வால் தவிர்க்கப்பட்டது.' செய்தி அவ்வளவுதான். கடையின் பெயர் அதில் இல்லை. இல்லாததால்தான் ஊருக்கே தெரிந்தது. பெயர் போட்டிருந்தால் பாதிப் பேர் படிக்காமல் தள்ளிவிட்டிருப்பார்கள். போடாததால் ஒருவரையொருவர் ஃபோனில் கூப்பிட்டு, எந்தக் கடை, எந்தக் கடை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கேளம்பாக்கத்தில் கோவளம் சாலையில் இருக்கும் நூர் ஹார்டுவேர்ஸ், ஷஃபியுல்லாவின் கடை, ஒரே வாரத்தில் சந்தேகத்துக்குரிய இடமாகிவிட்டது. ஆணி வாங்க வந்தவர்கள்கூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆணியில் என்ன தெரியும் என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் பார்த்தார்கள்.

எழுதியவர் கோபாலகிருஷ்ணன். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 'பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட்'. கட்டடம் எதுவும் கட்டியவர் அல்ல. வங்கிக்காரர்களின் கணினிக்கு எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு அம்புக்குறி போகவேண்டும் என்று படம் வரைகிறவர். குடியிருப்பது கடைக்குப் பக்கத்துத் தெருவில், ஓஷன் க்ரெஸ்ட் எலைட் என்ற அடுக்ககத்தில். அங்கே எந்த மாடியில் நின்றாலும் கடல் தெரியாது. கடலுக்கு மட்டும் அந்த அடுக்ககம் நன்றாகத் தெரியும் போல. உப்புக் காற்றாக வழிதேடி வந்து ஜன்னல் கம்பி, கேட், ஏசி பெட்டி என்று ஒன்று விடாமல் தின்னும்.

அதன் கார் பார்க்கிங்கில், சனி ஞாயிறுகளில், கோபாலகிருஷ்ணன் சொந்தமாக ஒரு கார் கட்டினார். கார் என்பது அவர் வார்த்தை. இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டு வைத்த கூண்டு, பழைய கார் ஒன்றிலிருந்து பிடுங்கிய எஞ்சின், நான்கு தடியான சக்கரம், இரண்டு சீட்டு. கதவும் கூரையும் இல்லை. இல்லாததற்கு 'டிசைன் ஃபிலாஸஃபி' என்று பெயர் வைத்திருந்தார். வாட்ச்மேன் வைத்திருந்த பெயர் கோழிக்கூண்டு. ரோட்டில் ஓட்ட எந்த அதிகாரியும் அனுமதி தரமாட்டார் என்பதால், நெம்மேலிக்குத் தெற்கே ஒரு நண்பரின் சவுக்குத் தோப்பில், கடலைப் பார்த்துப் போகும் மணல் பாதையில், மனைவி ரேணுகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வெள்ளோட்டம் விடுவதாகத் திட்டம். ரேணுகா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தத் திட்டத்தைப் பற்றி கணவர் அவரிடம் அறிவித்தாரே தவிரக் கேட்கவில்லை.

சக்கரத்தையும் கூண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கைகளுக்குப் போல்ட் வேண்டும் என்றுதான் அவர் கடைக்கு வந்தார். இணையத்தில் விலைக்கு வாங்கிய வரைபடத்தில் எட்டு புள்ளி எட்டு என்று போட்டிருந்தது. போல்ட்டின் தலையிலேயே அந்த எண் பொறித்திருக்கும். எண் ஏற ஏற இரும்பின் வலு ஏறும். ஷஃபியுல்லா ஓர் எட்டு புள்ளி எட்டை எடுத்து வைத்தார். கோபாலகிருஷ்ணன் அதை, கல்யாணப் பந்தியில் தண்ணீர் ரசத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுக்கு மேல இன்னா இருக்கு?"

பத்து புள்ளி ஒன்பது இருந்தது. அதற்கும் மேலே பன்னிரண்டு புள்ளி ஒன்பது, மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுதான் வேண்டும் என்றார்.

"சார், படத்துல எட்டு புள்ளி எட்டுன்னுதானே போட்டுகீது?"

"படம் போட்டவன் வெளிநாட்டுக்காரன், பாய். அவன் ரோடு வேற, நம்ம ரோடு வேற. நான் எதையுமே மார்ஜின் வெச்சுதான் டிசைன் பண்ணுவேன்."

பெரிய எண்ணைக் கேட்கிறவரிடம் சின்ன எண்ணைத் தள்ள வேண்டும் என்று ஷஃபியுல்லாவுக்கு என்ன வேண்டுதலா? அவருக்கும் வலு என்றால் நல்லதுதான், கூடுதல் வலு என்றால் கூடுதல் நல்லதுதான் என்பதற்கு மேல் தெரியாது. மனைவி சம்சாத் பேகத்தின் தம்பி இத்ரீஸ்தான் கடைக்குச் சரக்கு எடுத்துவருகிறவன். அவனிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தார். எல்லாம் கறுப்பாக இருந்தன. கோபாலகிருஷ்ணனுக்குக் கறுப்பு பிடிக்கவில்லை. இந்த உப்புக் காற்றில் துருப் பிடிக்காதா என்றும் கேட்டார்.

அங்கேதான் ஷஃபியுல்லா வாயைத் திறந்தார். "குரோம் போட்டுக்கலாம் சார்."

அந்தக் கரையில் அது ஒரு பழக்கம். எதை வாங்கினாலும் முதலில் பூச்சு, பிறகுதான் உபயோகம். ஷஃபியுல்லா தன் மோட்டார் சைக்கிளில் குரோம் போடாமல் விட்டது சீட்டை மட்டும்தான். செங்கல்பட்டில் அவருக்குத் தெரிந்த பட்டறை ஒன்று உண்டு. கேட் கைப்பிடிகளோடு சேர்த்து போல்ட்டுகளையும் அனுப்பிவைத்தார். பெட்டியில் ஐந்தாறு மட்டும் கறுப்பாகவே கடையில் தங்கிவிட்டன. பூச்சு முடிந்து வந்தவை கண்ணாடிபோல மின்னின. கோபாலகிருஷ்ணன் அவற்றைப் படம்பிடித்து, கடலோரச் சூழலுக்கேற்ற மேற்பரப்புப் பொறியியல் குறித்துத் தான் எடுத்த முடிவு என்று அடுக்ககத்தின் குழுவில் ஒரு கட்டுரையே போட்டார். குரோம் யார் யோசனை என்பது அதில் வரவில்லை. ஷஃபியுல்லாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வாயைத் திறந்தவனுக்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

போல்ட்டுகளை மாட்டி இறுக்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையில் ஸ்கூட்டர் எடுக்கப்போன ரேணுகாவின் செருப்பில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் போல்ட்டின் தலை. தலை மட்டும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. காரோ நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

நிற்கிற காரில் போல்ட் எப்படி உடையும்? யாரோ உடைத்தால்தான் உடையும். கோபாலகிருஷ்ணனுக்கு அது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் சுப்பிரமணி. ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்குப் பிடிக்காமல் சங்கத்துக்கு வந்தவர். பார்க்கிங்கில் பட்டறை வேலை கூடாது என்று கோபாலகிருஷ்ணனுக்கு ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தார். கேமராப் பதிவை ஓடவிட்டால், முந்தின நாள் சாயங்காலம், சுப்பிரமணி டார்ச் விளக்கோடு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிடுவது பளிச்சென்று தெரிந்தது.

ஆயில் சொட்டுகிறதா என்று பார்த்தேன், தரை டைல்ஸ் சங்கத்தின் சொத்து என்றார் சுப்பிரமணி. கூட்டம் போட்டார்கள். இருவரும் மாறிமாறி 'மரியாதைக்குரிய' என்று ஆரம்பித்து மரியாதையில்லாமல் முடித்தார்கள். கடைசியில் சுப்பிரமணி ஒரு வழி காட்டினார்: நல்ல போல்ட் உடையாது, உடைந்தால் அது நல்ல போல்ட் இல்லை, அப்படியென்றால் விற்றவனைத்தானே கேட்க வேண்டும்? கோபாலகிருஷ்ணன் யோசித்தார். தன் டிசைனும் தப்பில்லை, சுப்பிரமணியும் தப்பில்லை, தப்பு அடுத்த தெருவில் இருக்கிறது என்றால் எல்லோருக்கும் சௌகரியம். அன்றைக்கே செய்தி போய்விட்டது. படித்த மனிதர்கள் சமாதானமாகப் போவதற்கு வெளியில் ஒருவர் வேண்டியிருக்கிறார்.

ஷஃபியுல்லாவுக்கு வந்த கோபத்தில் முதலில் நேராகப் போய்ச் சண்டை போடத்தான் நினைத்தார். ஆனால் செருப்பை மாட்டும்போதே இன்னொரு நினைப்பு வந்து காலைப் பிடித்தது. உண்மையிலேயே டூப்ளிகேட்டாக இருந்தால்?

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. பூச்சுப் போட்டதில் கடையில் மிஞ்சியிருந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்கள் மழுங்கித் தெரிந்தன. கறுப்பாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். எண்கள் கூராக இருந்தன. அப்படியானால் செங்கல்பட்டுப் பட்டறைக்காரன் நல்லதை வைத்துக்கொண்டு வேறொன்றைத் தள்ளிவிட்டானா? ஃபோனில் கேட்டதற்கு, மூன்று தலைமுறையாகப் பூச்சு வேலை பார்க்கும் குடும்பத்தை இப்படிக் கேட்கலாமா என்று அவன் அழாத குறையாகப் பேசினான். அந்தக் குரலும் சந்தேகமாகத்தான் இருந்தது. கோபாலகிருஷ்ணன் ஸ்பேனரில் குழாயைச் சொருகி மாட்டை இழுப்பதுபோல இழுத்திருப்பாரோ? சுப்பிரமணி டார்ச்சை மட்டும்தான் எடுத்துப் போனாரா? சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மனசு போய் நின்ற இடம் இத்ரீஸ்.

வீட்டில் சாப்பிடும்போது, சரக்கு எந்தக் கடையில் எடுத்தது என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். இத்ரீஸ் பிசைந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டான்.

"இன்னா மச்சான் கேக்கற நீ? இத்தினி வருசமா ஒன் கடைக்கு சரக்கு எறக்கிகினு கீறேன். ஒரு ஸ்க்ரூ போலின்னு காட்டு, இந்த ஊர்லயே நான் இல்ல."

"நான் அப்பிடியா சொன்னேன்?"

"சொல்லல. அதான் பேஜாரா கீது. சொல்லிட்டாலும் பதில் சொல்லலாம்."

எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டான். சம்சாத் பேகம் தம்பி விட்டுப்போன தட்டை எடுத்தாள். மறுசோறு வேண்டுமா என்று கணவனைக் கேட்கவில்லை. கடையில் மட்டும் கெட்டிருந்த பெயர் இப்போது வீட்டிலும் கெட்டது.

அன்று மதியம் ஷஃபியுல்லா ஒரு முடிவுக்கு வந்தார். போல்ட் நல்லதா கெட்டதா என்று ஊர் பார்க்கட்டும். கெட்டது என்றால் கடையை இழுத்து மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சந்தேகத்தோடு கொக்கி விற்பதைவிட அது மேல். தடித்த இரும்புத் தகடு ஒன்றில் வரிசையாகத் துளை போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு பக்கம் கறுப்பாகத் தங்கிவிட்ட போல்ட்டுகள். மறுபக்கம் கோபாலகிருஷ்ணனின் காரிலிருந்து கழற்றி வாங்கிய, இன்னும் உடையாத குரோம் போல்ட்டுகள். எல்லாம் ஒரே பெட்டி. கோபாலகிருஷ்ணனைக் கூப்பிட்டு, உங்கள் கையாலேயே இறுக்குங்கள் என்றார்.

கோபாலகிருஷ்ணன் தன் ஸ்பேனரோடு வந்தார். எத்தனை இறுக்கம் வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் அது கிளிக் என்று சொல்லும். ஒவ்வொரு கிளிக்குக்கும் தலையை ஆட்டி, அது சரியாகச் சொன்னதை அங்கீகரித்தார். சுப்பிரமணியும் வந்தார், சாட்சியாக. கடையை மூடும்போது, பாய் உள்ளே போய் எதையாவது செய்துவிடக் கூடாது என்று கோபாலகிருஷ்ணன் ஷட்டரில் தன் பூட்டைப் போட்டார். கோபாலகிருஷ்ணன் வந்து எதையாவது செய்துவிடக் கூடாது என்று சுப்பிரமணி தன் பூட்டையும் போட்டார். தன் பூட்டைப் போட இடமில்லாததால் ஷஃபியுல்லா சும்மா வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. இருவர் முகத்திலும் ஏமாற்றம். ஷஃபியுல்லா ஒவ்வொரு போல்ட்டையும் தொடாமல் குனிந்து பார்த்தார். எதுவுமே உடையாவிட்டால் பார்க்கிங்கில் உடைந்ததற்கு யார் பதில் சொல்வது? ரேணுகாவும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தாய் என்று கணவர் கேட்டதற்கு, அதில் உட்காரப்போவது நான்தானே, நான் பார்க்கவேண்டாமா என்றார்.

டீ வந்தது. சுப்பிரமணி டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

டக்.

பொட்டு வெடி வெடித்ததுபோல் ஒரு சின்னச் சத்தம். தகட்டிலிருந்து ஏதோ பறந்துபோய் எதிர் அலமாரியில் ஒரு பிரைமர் டப்பாவைத் துளைத்துக் கீழே விழுந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். போல்ட்டின் தலை. பளபளவென்று குரோம். தகட்டுக்கு எட்டும் தூரத்தில் யாருமே இல்லை; யாரும் இல்லாதபடி ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அதற்கு எல்லோருமே சாட்சி. சோற்று நேரத்துக்குள் இன்னும் ஒரு குரோம் தலை போயிற்று. கறுப்புப் போல்ட்டுகள் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையவில்லை. அன்றைக்கும் இல்லை, அந்த வாரம் முழுக்கவும் இல்லை.

ரேணுகா இரண்டு வகையையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே பெட்டி. ஒரே ஸ்பேனர். பூசாதது நிக்குது, பூசுனது தெறிக்குது. அப்ப போல்ட்டு நல்ல போல்ட்டுதான். பூச்சுதான் கெடுத்திருக்கு. பூச்சு யார் ஐடியா?"

என்னுடையதுதான் என்று சொல்ல ஷஃபியுல்லா வாயைத் திறந்ததை கோபாலகிருஷ்ணன் பார்த்தார். பாயுடைய யோசனை என்று கையைக் காட்டிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் கட்டுரை இருக்கிறதே. அத்தனை பேர் கைதட்டிய கட்டுரை. மேற்பரப்புப் பொறியியலை ஓர் ஆணிக்கடைக்காரருக்கு விட்டுக்கொடுப்பதா? ஒரு நொடிதான். மானத்துக்கும் பெருமைக்கும் நடுவில் அவர் பெருமையைத் தேர்ந்தெடுத்தார்.

"என் டிசைன் முடிவுதான்" என்றார்.

ஷஃபியுல்லா திறந்த வாயை மூடிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூடிக்கொண்டார்.

கோபாலகிருஷ்ணன் ஒரு மூலையில் போய் நின்று ஃபோனைத் தேய்த்தார். திரும்பிவந்தபோது அந்த விஷயத்தில் அவரைவிடப் பெரிய நிபுணர் தமிழ்நாட்டில் இல்லை. பூச்சு போடும் அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளுமாம். எட்டு புள்ளி எட்டு போன்ற சாது இரும்பு அதைப் பொருட்படுத்தாது. வலு கூடின இரும்புதான் உள்ளுக்குள் நொறுங்குமாம். இறுக்கி வைத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, நிதானமாக ஒருநாள் தலையைக் கழற்றிவிடும். அதோடு, குழியில் சக்கரம் இறங்கினால் சின்ன எண் வளைந்து கொடுத்து எச்சரிக்கும். பெரிய எண் வளையாது, நேரே முறிந்துவிடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எனக்கு ஆரம்பத்துலயே ஒரு டவுட் இருந்துது" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னும் பேசுவார்.

சாயங்காலம் குழுவில் ஹைட்ரஜனைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. நூர் ஹார்டுவேர்ஸைப் பற்றியோ, டூப்ளிகேட் என்று எழுதியதைப் பற்றியோ ஒரு வரி இல்லை. படித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, ஏதோ பாயிடம் வாங்கிய போல்ட்டில் வாயுவும் இருக்கிறதாம் என்று புரிந்துகொண்டார்கள்.

ஆகவே, ஷஃபியுல்லாவே போய்ச் சொன்னார்: படத்தில் போட்டபடி எட்டு புள்ளி எட்டு தருகிறேன், கம்பெனியிலிருந்து வந்த பூச்சோடு அப்படியே, கிரீஸ் மட்டும் தடவி. மாட்டுங்கள். டீச்சரம்மாவுக்குப் பதிலாக நான் உட்காருகிறேன். ரேணுகாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

தோப்பில் கோபாலகிருஷ்ணன் ஹெல்மெட், கையுறை எல்லாம் அணிந்து விண்வெளிக்குப் போகிறவர்போல ஏறினார். ஷஃபியுல்லா பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தார். தன் போல்ட்டை நம்பினாரா என்றால், நம்பினார். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாரா என்றால், அதையும் செய்தார். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு வேர் மேலும் குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தமும் அவருக்கு டக் என்றே கேட்டது. பக்கத்தில் கோபாலகிருஷ்ணன் மார்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். கடல் தெரியும் மேட்டில் ஏறி, திரும்பி, மறுபடி வந்து நின்றது. போல்ட்டுகள் போட்ட இடத்தில் இருந்தன. எஞ்சினை மூடியிருந்த தகடு மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அது வேறு கடையில் வாங்கியது என்பதை சுப்பிரமணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

படம்பிடித்துக் குழுவில் போட்டதும் அவர்தான். அதில் காரைவிட ஷஃபியுல்லாவின் முகம்தான் பெரிதாகத் தெரிந்தது: கண் பிதுங்கி, பல் கடித்து, உதடு எதையோ ஓதிக்கொண்டு. அதைப் பார்த்துத்தான் ஊர் நம்பியது. இவ்வளவு பயந்தும் இறங்காமல் உட்கார்ந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று பேசிக்கொண்டார்கள். ஊஞ்சல்காரர் வந்து கொக்கியைத் திரும்ப வாங்கிப் போனார். திரைச்சீலைக் கம்பி மாட்டக்கூட எட்டு புள்ளி எட்டுதான் வேண்டும் என்று சிலர் அடம்பிடித்தார்கள்.

அந்த வாரச் சரக்கை இத்ரீஸ் கொண்டுவந்தான். பெட்டிகளை இறக்கிவிட்டு, வழக்கம்போல டீ கேட்காமல், கல்லாவின் ஓரத்தில் நின்றான். ஷஃபியுல்லா என்னென்னவோ பேசினார். வெயிலைப் பற்றி, சாலையில் நெரிசலைப் பற்றி. கண் மட்டும் போல்ட் பெட்டியை விட்டு அகலவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தார். இத்ரீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே கத்தியை எடுத்துப் பெட்டியைக் கீறி, அவர் பக்கம் தள்ளினான்.

"பாத்துக்க மச்சான்."

"சீச்சீ, இன்னாத்துக்கு?"

"பாத்துக்க. ராத்திரி தூங்கமாட்ட."

ஷஃபியுல்லா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.